பைலட் வீட்டில் பிறக்காதவன் பைலட் ஆகலாமா?

கேள்வி: நாங்கள் லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். டெக்சாஸில் கடல்சார் அகாடமியில் படித்து, தேர்ட் மேட் (கப்பலின் மூன்றாம் நிலை அதிகாரி) லைசென்ஸ் வாங்கி, இப்போது ஒரு டேங்கர் கப்பலில் வேலை பார்க்கிறான். மிசிசிப்பி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டி நடத்துகிற ரிவர் பைலட் ஆவதுதான் அவன் ஆசை. விசாரித்தால், ஏற்கெனவே இருக்கும் பைலட்கள் ஓட்டுப் போட்டுத்தான் புதியவர்களைச் சேர்ப்பார்களாம். மகன், மருமகன், அண்ணன் மகன் என்றே அது போகுமாம். "நம்ம பையனுக்கு அங்கே யாரைத் தெரியும்? பேசாமல் கப்பலிலேயே இருக்கட்டும்" என்கிறார் என் கணவர். இப்படி ஆள் எடுப்பது நியாயமா? விண்ணப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? எங்கள் நிறமும் பெயரும் குறுக்கே வருமா?
- ஒரு தாய், பேட்டன் ரூஜ்

பதில் சொல்பவர்: சரக்குக் கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களில் சர்வேயர்.

அன்புள்ள சகோதரிக்கு,

நியாயமா என்று கேட்டால், இல்லை. சட்டத்துக்கு விரோதமா என்றால், அதுவும் இல்லை. விண்ணப்பிக்கலாமா என்றால் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் தோன்றும், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பி எந்த வேலையைக் கேட்கிறான் என்பதில் தெளிவு வேண்டும். மிசிசிப்பியில் பைலட் என்று இரண்டு விதமான ஆட்களைச் சொல்வார்கள். பார்ஜ் என்கிற தட்டையான சரக்குப் படகுகளைக் கட்டாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிற டோ போட்டில், கேப்டனோடு முறை மாற்றிச் சுக்கான் பிடிப்பவரும் பைலட்தான். அவர் ஒரு கம்பெனியின் சம்பளக்காரர். டெக்கில் கயிறு இழுக்கிற வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வரலாம், யாருடைய ஓட்டும் தேவையில்லை. உங்கள் மகன் கேட்பது அதுவல்ல. கடலிலிருந்து வரும் பெரிய கப்பலில் ஏணி பிடித்து ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, ஆற்றில் அதை நடத்திக்கொண்டு போகிறவரின் வேலையைக் கேட்கிறான். வெளிநாட்டு வணிகத்தில் ஓடுகிற கப்பல் எதுவானாலும் மாநில உரிமம் பெற்ற இந்த பைலட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஓட்டு, உறவு என்று நீங்கள் கேள்விப்பட்டதும், லட்சக்கணக்கான டாலர் வருமானம் என்று ஊரில் பேசுவதும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

ஆற்றை மூன்று சங்கங்கள் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. வளைகுடாவிலிருந்து சவுத்வெஸ்ட் பாஸ் என்ற முகத்துவாரக் கிளை வழியாகப் பைலட்டவுன் என்ற ஊர் வரை பார் பைலட்கள். பைலட்டவுனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை சுமார் நூறு மைல் கிரெசென்ட் பைலட்கள். அங்கிருந்து உங்கள் ஊர் வரை நோப்ரா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற சங்கத்தினர். பேட்டன் ரூஜில் 1940இல் கட்டிய ஹியூ லாங் பாலம் தாழ்வாக இருப்பதால் பெரிய கப்பல்கள் அதற்கு மேலே போக முடியாது. தம்பி சின்ன வயதில் வீட்டுப் பக்கம் பார்த்த கப்பல்களில் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது சங்கத்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள். லேக் சார்ல்ஸில் தனியாக ஒரு சங்கம் உண்டு. அது வேறு ஆறு.

மூன்று சங்கத்தாரும் என் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்துகிற மேல்தள அறையில், நின்றிருக்கிறார்கள். வேலையில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நியூ ஆர்லியன்ஸில் அல்ஜியர்ஸ் பாயின்ட் என்று ஒரு திருப்பம் இருக்கிறது. வசந்த காலத்தில் வடக்கே பனி உருகி ஆறு பெருகி வரும்போது, நீரோட்டத்தோடு இறங்குகிற கப்பலை அங்கே திருப்புவது எளிதல்ல. ஆற்று நீர்மட்டத்தைக் காட்டும் கேரல்டன் அளவுகோலில் தண்ணீர் 8 அடியைத் தொட்டு ஏறினால், அந்தத் திருப்பத்தில் கப்பல்களைப் போக்குவரத்து விளக்கு போட்டு நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். கடலில் வருடக்கணக்கில் கப்பல் ஓட்டியவனுக்கும் அங்கே கை நடுங்கும். இந்தக் கரையில் நீர் எதிர்ப்பக்கம் சுழலும், அந்த வளைவில் கப்பலின் பின்பக்கம் இழுக்கும், பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் பார்ஜ்கள் எப்படிக் கட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் சார்ட் என்கிற நீர்வழி வரைபடத்தில் இருக்காது. இவர்கள் மண்டையில்தான் இருக்கும்.

1996 டிசம்பர் 14 அன்று பிரைட் ஃபீல்ட் என்ற தானியக் கப்பல் அதே நகரத்தில் இஞ்சின் நின்றுபோய் ரிவர்வாக் கடைவளாகத்தில் மோதியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. கப்பல் கையை விட்டுப் போன அந்தச் சில நிமிடங்களில் பைலட் ரேடியோவிலும் ஊதலிலும் கொடுத்த எச்சரிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1976 அக்டோபரில், அதே ஆற்றில் லூலிங் பக்கம் ஃப்ராஸ்டா என்ற டேங்கரின் குறுக்கே ஜார்ஜ் பிரின்ஸ் என்ற பயணிகள் படகு வந்து கவிழ்ந்ததில் 78 பேர் இறந்தார்கள். இந்த ஆற்றில் எது நடந்தாலும் அதன் அளவு அப்படி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தகுதியில்லாத மாமன் மச்சான்களை உள்ளே விடுகிறார்கள்" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓட்டில் ஜெயித்தவுடன் யாரும் கப்பலைக் கையில் கொடுத்துவிடுவதில்லை. அதற்கு அப்புறம் நீண்ட பயிற்சி இருக்கிறது, மூத்தவர்களோடு எண்ணற்ற ஓட்டங்கள் இருக்கின்றன, தேர்வு இருக்கிறது. பைலட்டின் மகனும் அதையெல்லாம் தாண்டித்தான் வர வேண்டும். அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே பயிற்சியைக் கொடுத்தால் அவனைவிட நன்றாகச் செய்யக்கூடிய பத்துப் பேர் வாசலிலேயே நிற்கிறார்கள். வெளியே நிற்பவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் அவசியமே வருவதில்லை.

இது இன்று நேற்று வந்த புகார் இல்லை. 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குத் தொடுத்தவர்கள் புதுப் பையன்கள் அல்ல. ஆற்றிலும் துறைமுகத்திலும் குறைந்தது பதினைந்து வருடம், மாநிலச் சட்டத்துக்குள் வராத கப்பல்களை நடத்திய அனுபவசாலிகள். மாநில பைலட் ஆக, இருக்கிற பைலட் ஒருவரிடம் ஆறு மாதம் அப்ரென்டிஸாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்ரென்டிஸாக யாரைச் சேர்ப்பது என்பது பைலட்கள் கையில். அவர்கள் சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் தவிர யாரையும் சேர்க்கவில்லை, இது சம உரிமைக்கு விரோதம் என்பதுதான் வழக்கு. கோட்ச் வழக்கு என்பார்கள்.

ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது, பைலட்கள் பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், பைலட் தொழில் மற்றத் தொழில் மாதிரி இல்லை, ஆற்றங்கரையில் அந்தச் சூழலிலேயே வளர்வதும் குடும்ப மரபும் பாதுகாப்புக்கு உதவலாம், அப்படி ஒரு மாநிலம் நினைத்தால் அதைத் தடுக்க முடியாது என்ற வகையில் வாதிட்டார். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் வைலி ரட்லட்ஜ். ரத்த உறவையே தேர்வின் அச்சாணியாக ஆக்கிவிட்டீர்கள், அரசியல் சட்டம் இதைத்தான் தடுக்கிறது என்றார். வழக்கறிஞர் அல்லாத நான் எத்தனை முறை படித்தாலும் ரட்லட்ஜ் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் நாட்டில் நிற்பது பிளாக்கின் தீர்ப்பு. ஆகையால் "கோர்ட்டுக்குப் போவோம்" என்று யாராவது உங்கள் கணவரிடம் சொன்னால், உறவுமுறையை மட்டும் காரணமாக வைத்துப் போவதற்கு வழி மிகக் குறுகல் என்று சொல்லிவிடுங்கள்.

பைலட்கள் தரப்பு வாதத்தையும் கேட்டிருக்கிறேன், காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டி, மூடுபனி விலகக் காத்திருந்த நேரங்களில். "நாங்கள் சம்பளக்காரர்கள் இல்லை, பங்காளிகள். படகு எங்களுடையது, பென்ஷன் எங்களுடையது. ஒருவன் தப்பு செய்தால் எல்லோர் பெயரும் கெடும். யாரோடு பங்கு சேர்வது என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாதா?" என்பார்கள். கேட்கும்போது சரி என்றுதான் படும். ஆனால் பாருங்கள், தெருவில் நாலு மளிகைக் கடை இருந்தால் ஒரு கடைக்காரர் தன் மைத்துனனைப் பங்காளி ஆக்கிக்கொள்வது அவர் பாடு. ஊருக்கே ஒரு ரேஷன் கடை, அங்கேதான் வாங்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டால், அப்புறம் கடையில் யார் உட்கார்கிறார்கள் என்பது ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஆகிவிடுகிறது. என் கப்பலுக்கு வேறு பைலட்டைக் கூப்பிட எனக்கு உரிமை கிடையாது. கட்டணத்தை முடிவு செய்வதும் மாநில ஆணையம். வாடிக்கையாளருக்குத் தேர்வு இல்லாத தொழிலில், சேர்ப்பவர்களுக்கு மட்டும் தனியார் கடையின் சுதந்திரம் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

2004இல் லூசியானா கொஞ்சம் அசைந்தது. கட்டணத்துக்கு ஒரு ஆணையமும், பைலட்கள் மேல் வரும் புகார்களைப் பார்க்க ஒரு மேற்பார்வை வாரியமும் அமைத்தார்கள். நல்லதுதான். ஆனால் வாசலில் யாரை விடுவது என்பதில் சங்கத்தின் கைதான் இன்னும் ஓங்கியிருக்கிறது. தகுதி பார்க்கும் கமிஷனர்களும் அதே பைலட்களில் இருந்துதான் வருகிறார்கள். ஆளுநர் கையெழுத்துப் போடுவார்.

வேறு மாநிலங்கள் வேறு விதமாகச் செய்கின்றன. ஃபுளோரிடாவில் துறைமுகத்தில் இடம் காலியானால் மாநிலம் போட்டித் தேர்வு வைக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதிக்கு எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு, தரவரிசை, அதற்கு அப்புறம் பயிற்சி. சான் ஃபிரான்சிஸ்கோவிலும் மாநில வாரியம் தேர்வு வைத்துப் பயிற்சியாளர்களை எடுக்கிறது. பயிற்சி ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை போகும். அந்த பைலட்கள் விரிகுடாவோடு நிற்பதில்லை, சேக்ரமென்டோவுக்கும் ஸ்டாக்டனுக்கும் ஆற்று வழியாகக் கப்பல் கொண்டு போவார்கள். ஆகவே ஆற்று வேலைதான் வேண்டும் என்றாலும் மிசிசிப்பி ஒன்றுதான் வழி என்றில்லை.

தேர்வு வைத்தால் எல்லாம் சுத்தம் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிமுலேட்டர் அறையில் மதிப்பெண் போடுகிறவர்களும் பைலட்கள்தான். தேர்வு வைக்கிற மாநிலத்திலும் விபத்து நடக்கும். 2007 நவம்பரில் மூடுபனியில் சான் ஃபிரான்சிஸ்கோ பே பாலத்தில் காஸ்கோ புசான் என்ற கப்பல் மோதி ஐம்பதாயிரம் கேலனுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. ஆனால் அங்கே தோற்றவனுக்குத் தான் எதில் தோற்றோம் என்பது தெரியும். லூசியானாவில் ஓட்டில் தோற்றவனுக்கு அது தெரியாது. அடுத்த முறைக்கு எதைச் சரி செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம்.

ஓட்டுப் போடுகிறவர்கள் உறவைப் பார்க்கிறார்கள், உண்மை. ஆனால் எல்லா இடங்களும் உறவுக்கே போய்விடுவதில்லை. மிச்சத்தில் அவர்கள் பார்ப்பது, இவனை எங்களுக்குத் தெரியுமா, ஆற்றில் இவன் வேலை செய்து பார்த்திருக்கிறோமா என்பதை. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் போகிற டேங்கரில் தம்பி எவ்வளவு நன்றாக வாட்ச் என்கிற முறைப் பணி பார்த்தாலும் மிசிசிப்பி பைலட் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அவன் ஆற்றில் தென்பட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி, டோ போட்டுக்கோ, நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கப்பல்களைத் துறையில் கட்ட உதவுகிற இழுவைப் படகுக்கோ மாறுவதுதான். தேர்ட் மேட் லைசென்ஸ் இருந்தாலும் அங்கே நேராகச் சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள். டோவர் என்று ஒரு செய்முறை மதிப்பீட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு வேலையாகச் செய்து காட்டிக் கையெழுத்து வாங்கி நிரப்ப வேண்டும். சம்பளம் முதலில் கொஞ்சம் குறையலாம். படித்து வாங்கிய பெரிய லைசென்ஸை வைத்துக்கொண்டு சின்னப் படகில் போவதா என்று அவனுக்குத் தோன்றும். தோன்றட்டும், போகட்டும். ரேடியோவில் அவன் குரல் எப்படி ஒலிக்கிறது, வளைவில் வழி கேட்டால் நேரத்தோடு பதில் சொல்கிறானா, சொன்ன பக்கம் ஒதுங்குகிறானா என்பதையெல்லாம் எதிரே வருகிற கப்பலின் பைலட் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இந்த ஆற்றில் ஒருவனுக்குப் பெயர் ரேடியோவில்தான் வருகிறது. கெடுவதும் அங்கேதான்.

கூடவே கோஸ்ட் கார்டின் (அமெரிக்கக் கடலோரக் காவல் படை) ஃபர்ஸ்ட் கிளாஸ் பைலட் தகுதிக்கு வேலை தொடங்கட்டும். இது மாநில ஓட்டோடு சம்பந்தமில்லாத ஃபெடரல் தகுதி. அந்தந்த ஆற்றுப் பகுதியில் பன்னிரண்டிலிருந்து இருபது வரை போய்வரும் ஓட்டங்கள் கேட்பார்கள், அதில் ஒரு பங்கு இரவில். அப்புறம் அந்தப் பகுதியின் சார்ட்டை மனப்பாடமாக வரைந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு விளக்கு, பாலம், கேபிள், ஆழம் என்று வெற்றுத் தாளில். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் புதிதில்லை என்று நீங்கள் சிரிக்கலாம், ஆனால் இது திருக்குறள் மாதிரி வராது, ஆற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். இந்தத் தகுதி கையில் இருந்தால் அமெரிக்கக் கொடிக் கப்பல்களில், உள்நாட்டு ஓட்டங்களில் அதை வைத்தே பைலட் வேலை பார்க்கலாம். ஓட்டில் ஜெயிக்காவிட்டாலும் இந்த உழைப்பு வீணாகாது. உங்கள் கணவரின் கவலைக்கு நான் தரக்கூடிய பதில் இதுதான். விண்ணப்பத்துக்காகச் செய்கிற ஒவ்வொரு வேலையும் விண்ணப்பம் இல்லாமலும் சோறு போடுவதாக இருக்க வேண்டும். அப்படி அமைத்துக்கொண்டால் காத்திருப்பது சூதாட்டம் ஆகாது. அதே கணக்கில், கடல் அனுபவத்தை முழுதாக விட்டுவிடாமல் கேப்டனுக்கு அடுத்த பதவியான சீஃப் மேட் வரையாவது ஏறிவிடுவது நல்லது. தேர்வு வைக்கிற மேற்குக் கரை வாரியங்கள் பொறுப்பான பதவியில் இருந்த அனுபவத்தை எடை போடும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பது தம்பியின் வயதையும் பொறுத்தது. வயதை எல்லா இடத்திலும் பார்ப்பார்கள், ஆகையால் முப்பதுகளின் பாதிக்குள் ஒரு முடிவு தெரிகிற மாதிரி திட்டம் போடச் சொல்லுங்கள்.

மூன்று சங்கங்களிடமும் தகுதி விதிகளை எழுத்தில் வாங்கட்டும். சங்கத்துக்குச் சங்கம் மாறும். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். சங்கம் தனியார் அமைப்பு, ஆனால் தகுதி பார்க்கும் கமிஷனர்களின் வாரியம் மாநில அமைப்பு. அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பேட்டன் ரூஜில் இருந்துகொண்டு அங்கே போய் உட்காராமல் இருப்பது தப்பு. பேச வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும். பைலட்களோடு ஒரு நாள் கூடவே பார்வையாளராக வர அனுமதி கேட்கலாம், மரியாதையாக. சிலர் மறுப்பார்கள், சிலர் கூட்டிப் போவார்கள். "நான் சொல்லி வைக்கிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது வந்தால் மட்டும் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நிறம், பெயர் பற்றிக் கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். உறவுக்காரர்களையே எடுத்துக்கொண்டு வந்த இடத்தில், முதல் தலைமுறை எப்படி இருந்ததோ அப்படியேதான் அடுத்ததும் இருக்கும். கறுப்பின மக்கள் இவ்வளவு பேர் வாழ்கிற ஒரு மாநிலத்தில் பைலட்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களாக இருந்ததற்கு, யாரும் தனியாக வெறுப்பு காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை, உறவு முறையே அந்த வேலையைச் செய்துவிட்டது. பெண்களுக்கும் இதே கதைதான். மேற்குக் கரையில் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் முதல் பெண் பார் பைலட்டாக டெபோரா டெம்ப்சி வந்தது 1994இல். அதற்கு முன்பே அவர் கடல் கப்பலில் கேப்டனாக இருந்தவர். கோட்ச் தீர்ப்பு குடும்பம் பார்ப்பதைத்தான் விட்டுவைத்தது. இனம் பார்த்து ஒருவனை ஒதுக்க அது யாருக்கும் உரிமை தரவில்லை. தம்பிக்கு அப்படி நேர்ந்தது என்று சந்தேகம் வந்தால் அது வேறு வழக்கு, அதற்கு வேலைவாய்ப்புச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்காகவே, போட்ட விண்ணப்பம், வந்த பதில், தேதி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹூக்ளி ஆற்றில் கொல்கத்தாவுக்குக் கப்பல் கொண்டு போகும் பைலட்கள் துறைமுகத்தின் ஊழியர்கள். விளம்பரம் வரும், தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள், இட ஒதுக்கீடு உண்டு. ஆறும் மிசிசிப்பிக்குச் சளைத்ததல்ல, மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுப் பிரச்சினை இல்லை, ஆனால் வருமானமும் லூசியானா கணக்கு இல்லை.

கடைசியாக, தம்பி இப்போதிருந்தே ஒரு நோட்டுப் போடட்டும். எந்தக் கப்பல், எத்தனை டன், எந்தப் பதவி, ஏறிய தேதி, இறங்கிய தேதி, ஆற்றில் எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை, பகலா இரவா, போகும் திசை, கேப்டனின் கையெழுத்து. கோஸ்ட் கார்டு கேட்பதும் இதைத்தான், சங்கங்கள் கேட்பதும் இதைத்தான். ஐந்து வருடம் கழித்து பழைய கம்பெனிக்கு எழுதி இந்தக் கடிதங்களை வாங்குவது பெரும்பாடு, பாதிக் கம்பெனி அதற்குள் பெயர் மாறியிருக்கும். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் இறங்குகிற அன்றே வாங்கிவிடச் சொல்லுங்கள்.